கும்பகோணத்துக்குப் புதிதாக வந்திருக்கிறேன். கூடிப் பாடவும் தொண்டு செய்யவும் ஒரு அடியார் கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் தேவாரப் பழக்கம் இல்லை, தீட்சை வாங்கவில்லை, என்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் திருவிழாக் கூட்டத்தில் தேடாதீர்கள். சாதாரண நாளில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள்.

அதற்கு நல்ல வழி பிரதோஷம். வளர்பிறை, தேய்பிறை இரண்டிலும் திரயோதசி அன்று, மாலை நாலரை முதல் ஆறு மணி வரை. சனிப் பிரதோஷத்துக்குக் கும்பேசுவரர் கோயிலுக்குப் போனால் நெரிசலில் ஒரு முகமும் நினைவில் நிற்காது. வார நாளில் வரும் பிரதோஷத்துக்குக் கொட்டையூர், இன்னம்பூர், திருப்புறம்பியம் போல் பக்கத்திலுள்ள, தேவாரப் பாடல் பெற்ற தலம் ஒன்றுக்குப் போங்கள். சுவாமி பிராகாரம் சுற்றி வரும்போது பின்னால் பதிகம் பாடிக்கொண்டே வருகிறவர்கள்தான் நீங்கள் தேடும் கூட்டம். ஒரே கோயிலுக்கு மூன்று மாதமாவது விடாமல் போக வேண்டும். பிரதோஷத்துக்கு ஒரு கோயில் என்று மாறிக்கொண்டிருந்தால் எல்லா இடத்திலும் வெளியூர்க்காரராகவே இருப்பீர்கள்.

பாடத் தெரியாதே என்ற கவலை வேண்டாம். அந்தத் தலத்துப் பதிகம் ஒன்றை மட்டும் படியுங்கள். கொட்டையூர் என்றால் ஆறாம் திருமுறையில் அப்பர் பாடிய தாண்டகம்; ஒவ்வொரு பாட்டும் 'கோடீச்சரத் துறையுங் கோமான் தானே' என்றே முடியும். முதல் நாளே அந்தக் கடைசி அடியில் சேர்ந்துகொள்ளலாம். பூசை முடிவில் பஞ்சபுராணம் பாடுவார்கள்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. தொடக்கத்திலும் முடிவிலும் 'திருச்சிற்றம்பலம்' சொல்வது வழக்கம். திருவாசக முற்றோதல், அதாவது முழுத் திருவாசகத்தையும் பாடுவது, என்று அழைத்தால் அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். 658 பாடல், காலையில் தொடங்கினால் மாலை ஆகிவிடும்.

பாட்டைவிட விரைவாக ஒட்டவைப்பது உழவாரப் பணி, அதாவது கோயிலில் புல் பூண்டு அகற்றித் துப்புரவு செய்யும் தொண்டு. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். தொப்பி, கையுறை, தண்ணீர், பழைய துணி எடுத்துப் போங்கள். மண்வெட்டியும் அரிவாளும் குழுவிடம் இருக்கும். புதரில் கை வைக்கும் முன் கம்பால் தட்டிப் பாருங்கள், டெல்டாவில் பாம்பு சாதாரணம். ஒரு குழுவின் தரம் இங்கேதான் தெரியும். கோயில் செயல் அலுவலரிடம் முன்பே அனுமதி வாங்கியிருக்கிறார்களா? கோபுரத்தில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்குகிறவர்களோடு சேராதீர்கள். வேரோடு செங்கல்லும் சுதையும் பெயர்ந்து வரும். கல்வெட்டின் மேல் சுண்ணாம்போ பெயின்டோ அடிக்கிறவர்களிடமிருந்தும் விலகிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கேறிய சிலையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காமல், அரிசி மாவு தடவி ஊறவிட்டுத் துடைக்கிற குழு, பணியை அறிந்த குழு.

வேலை முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும்போது பந்தியைப் பாருங்கள். எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்களா, யார் பரிமாறுகிறார்கள், பெண்களுக்குப் பாடவும் பேசவும் இடம் இருக்கிறதா? 'நீங்க எந்த ஊரு' என்பது உபசாரம். அடுத்த கேள்வி 'நீங்க என்ன ஆளுங்க' என்று வந்தால் அங்கே நிற்க வேண்டாம். திருவாரூரில் சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையில் குயவரும் வண்ணாரும் புலையரும் அடியார்களாக வணங்கப்படுகிறார்கள். அதைப் பாடிவிட்டு ஆளைப் பிரிக்கிற கூட்டம் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அடியார் கூட்டம் ஆகாது.

முறையாகப் படிக்க விருப்பம் என்றால் திருவாவடுதுறை ஆதீனம் பல ஊர்களில் சைவ சித்தாந்த, திருமுறை நேர்முக வகுப்புகள் நடத்துகிறது. கூடப் படிக்கிறவர்களே பிறகு துணையாகிவிடுவார்கள்.

வைணவத்தில் நாட்டம் இருந்தால் ஆழ்வார் பாசுரங்களைச் சொல்லிக்கொடுக்கும் பிரபந்தச் சந்தை வகுப்பு எங்கே நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் ஒருமுறை சொல்ல, நீங்கள் இருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். மார்கழித் திருப்பாவை முப்பது பாட்டு நல்ல தொடக்கம். கிறிஸ்தவராக இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: வேளாங்கண்ணி யாத்திரைத் தலம், அங்கே போய் வரலாம், ஆனால் உறவு கிடைப்பது உங்கள் பங்கின் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் சிறு குழுவில். பங்குத்தந்தையிடம் கேட்டால் உங்கள் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது என்று சொல்வார்.

தீட்சைக்கு அவசரப்பட வேண்டாம். சமய தீட்சை வாங்கினால் நாள்தோறும் அனுட்டானம், அதாவது திருநீறு பூசி மந்திரம் செபிக்கும் வழிபாடு, செய்ய வேண்டும். வேலை நேரத்தோடு அது பொருந்துமா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். வந்த முதல் மாதத்திலேயே தீட்சைக்கோ திருப்பணிக்கோ பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். அன்னதானத்துக்கு அரிசியோ காய்கறியோ வாங்கிக் கொடுத்து, நறுக்கவும் கூட உட்காருங்கள்.