கடல் பறவையைத் தண்ணீரில் விடலாமா?

கேள்வி: ஆடி மாதம் கச்சான் காற்று ஓங்கி அடித்த மறுநாள், அரிச்சல்முனை மணலில் ஒரு பறவை துவண்டு கிடந்தது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, பிளந்த வால். கடல் பறவைதானே என்று அண்டாவில் உப்புத் தண்ணீர் ஊற்றி விட்டோம். நனைந்து நடுங்கிச் செத்தே போனது. எங்கே தப்பு? (வாசகர், பாம்பன்)

பதில்: அண்டாவில்தான். மனசைப் போட்டு உழப்பாதீர்கள், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஆலா இனத்துச் சூட்டி டெர்னாக இருக்கலாம். (பிரைடில்டு டெர்ன் என்று இதே ஜாடையில் இன்னொன்று உண்டு, நெற்றியின் வெள்ளை கண்ணைத் தாண்டிப் புருவம்போல நீண்டிருந்தால் அது. அடுத்த முறை முகத்தை போட்டோ எடுத்துவிடுங்கள்.)

சூட்டி டெர்னின் இறகில் எண்ணெய்ப் பசை ரொம்பக் குறைவு, கடலில் உட்கார்ந்தால் ஊறிப்போகும், அதனால் உட்காருவதே அபூர்வம். பிறந்த திட்டை விட்டுக் கிளம்பிய குஞ்சு முட்டையிடக் கரை சேர 4 முதல் 10 வருஷம்கூட ஆகும். அதுவரை பெரும்பாலும் காற்றில்தான் குடித்தனம். சூரை மீன் கீழிருந்து விரட்ட, மேலே துள்ளும் பொடிமீனையும் கணவாயையும் பறந்தபடியே கொத்தித் தின்னும். ஆலா வட்டமடித்தால் அடியில் சூரை இருக்கும் என்று உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்! சூரை குறைந்தால் அதற்கும் பட்டினிதான்.

சரி, இனி இப்படி ஒன்று கிடைத்தால் அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, துணி விரித்து, உள்ளே வைத்து மூடிவிடுங்கள். வாயைப் பிளந்து தண்ணீரோ மீனோ திணிக்க வேண்டாம். மண்டபம் வனச்சரகத்துக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: மணல்திட்டில் ஆலா முட்டைகளை நாய் தின்கிறது. விரட்டி என்ன ஆகப்போகிறது? (அதே வாசகர்)

பதில்: நிறைய ஆகும். சூட்டி டெர்ன் ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும். அட்லாண்டிக் நடுவில் அசென்ஷன் என்றொரு தீவு. 1815இல் பிரிட்டிஷ் படை வந்து தங்கிய பிறகு எலி பிடிக்க வந்த பூனைகள் பறவைகளையே தின்று தீர்த்தன, தப்பித்த சில இனங்கள் பக்கத்துப் பாறைகளில் ஒண்டிக்கொண்டன. பூனைகளை ஒழித்து முடித்ததாக 2006இல் அறிவித்தார்கள். 2012இல் கப்பற்கூளைக்கடா (ஃபிரிகேட் என்கிற பெரிய கடல் பறவை) இனம் ஒன்று மறுபடி அந்தத் தீவிலேயே கூடு வைத்தது. நம் பக்கம் லட்சத்தீவின் பிட்டி திட்டு, மரமும் இல்லை மனுஷரும் இல்லை, சூட்டி டெர்ன்கள் அங்கே குஞ்சு பொரிக்கின்றன, சரணாலயமாகவும் அறிவித்திருக்கிறார்கள். நீங்கள் நாயை விரட்டுங்கள், கூடவே ஜீப்பில் வருகிறவர்களையும் முட்டை கிடக்கிற பக்கம் விடாதீர்கள்.