பாதியில் நின்ற ஸ்பைடர்மேன்

கேள்வி: ‘தி ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன்’ கார்ட்டூன் 26 எபிசோடோடு நின்றுவிட்டது. கடைசியில் ஸ்பைடர்மேனான பீட்டரும் அவன் விரும்பும் க்வென்னும் சேரக்கூட இல்லை. பார்க்க ஆள் இல்லாமல்தான் நிறுத்தினார்களா?

பதில்: பார்க்க ஆள் இருந்தார்கள். நின்றதற்குக் காரணம் உரிமை கைமாறியது. 2008 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய இந்தத் தொடரைத் தயாரித்தது சோனி. 2009-ல் ஸ்பைடர்மேனின் தொலைக்காட்சி உரிமை மார்வெலுக்குத் திரும்பிப் போனது. சினிமா உரிமை சோனியிடமே இருந்தது. அதே ஆண்டு மார்வெலை வாங்கப்போவதாக டிஸ்னி அறிவித்தது. இந்தத் தொடருக்காக வரைந்த உருவங்கள் ஒருவரிடம், இனி தொடர் எடுக்கும் உரிமை இன்னொருவரிடம். அப்புறம் எப்படி மூன்றாவது சீசன் வரும்? 2012-ல் மார்வெல் வேறொரு ஸ்பைடர்மேன் தொடரைப் புதிதாக ஆரம்பித்தது.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. தொடரை உருவாக்கிய கிரெக் வைஸ்மன் மனதில் 65 எபிசோடுகளுக்குத் திட்டம் இருந்தது. இந்தத் தொடரில் எல்லாம் மெதுவாகத்தான் விதைக்கப்படும். இன்று ஓரமாக வந்துபோகிறவர் பத்து எபிசோடு கழித்து வில்லனாக நிற்பார். அப்படி விதைத்தவருக்கு அறுவடைக்கு நேரம் கிடைக்கவில்லை. நீங்கள் சொல்லும் கடைசி எபிசோடையே பாருங்கள். அப்பா நார்மனைப் பறிகொடுத்து நிற்கும் நண்பன் ஹாரியை விட்டு வர முடியாமல் க்வென் நின்றுவிடுகிறாள். பீட்டர் தனியாக நடக்கிறான். இறந்ததாக எல்லாரும் நினைக்கும் நார்மன் உயிரோடு இருப்பதையும் காட்டிவிட்டார்கள். அடுத்த சீசனுக்கான கதவைத் திறந்து வைத்த காட்சி அது.

கேள்வி: எனக்கும் அந்தத் தொடர் பிடிக்கும். ஆனால் படங்கள் பொம்மை மாதிரி இருக்கின்றன, காமிக்ஸ் அழகு இல்லை என்கிறார்கள் நண்பர்கள். என்ன பதில் சொல்ல?

பதில்: பதினேழாவது எபிசோடைப் போட்டுக் காட்டுங்கள். நான் ஓவியம் கற்றுத்தருகிறவன். என் மாணவர்களுக்கு முதலில் ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ காமிக்ஸின் 1966 தேதியிட்ட 33-ஆம் இதழில் ஸ்டீவ் டிட்கோ வரைந்த பக்கங்களைக் காட்டுவேன். இடிந்து விழுந்த இயந்திரத்துக்கு அடியில் ஸ்பைடர்மேன், மேலிருந்து கொட்டும் தண்ணீர், கைக்கு எட்டாத தூரத்தில் மே அத்தைக்கான மருந்து. கட்டம் கட்டமாகப் பெரிதாகிக்கொண்டே போய், அவன் பாரத்தைத் தூக்கி நிமிரும்போது ஒரே படம் முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளும். அதே காட்சியைத்தான் அந்த எபிசோடில் எடுத்திருக்கிறார்கள். மருந்துக்குப் பதில் க்வென்னின் உயிர்.

இந்தத் தொடருக்கு உருவங்களை வடிவமைத்தவர் ஷான் காலவே. பெரிய கண், கூர்மையான தாடை, உடம்பில் மிகக் குறைவான கோடுகள். அசையாத படமாக நிறுத்திப் பார்த்தால் நண்பர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஒரு வினாடி அசைவுக்கு எத்தனையோ படம் வரைய வேண்டும். தசைக்குப் பத்துக் கோடு போட்டால் பத்தையும் ஒவ்வொரு படத்திலும் இழுத்தாக வேண்டும். கை தளரும், உருவம் விறைத்துப்போகும். கோடு குறைந்ததால்தான் இந்த ஸ்பைடர்மேனின் முதுகு வில்லாக வளைகிறது. டிட்கோ வரைந்த உடம்பும் தடித்த தசை உடம்பு கிடையாது. ஒல்லிப் பையன், விரல் நுனி வரை முறுக்கேறிய உடம்பு. எனக்கு இந்தத் தொடர்தான் அவருக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

கேள்வி: எபிசோடு தலைப்புகளெல்லாம் பாடப்புத்தகம் மாதிரி இருப்பது ஏன்?

பதில்: பீட்டர் பள்ளி மாணவன் அல்லவா! ஒவ்வொரு கதைத் தொகுதிக்கும் ஒரு பாடம். ‘இயற்கைத் தேர்வு’ என்ற உயிரியல் தலைப்பில்தான் டாக்டர் கானர்ஸ் பல்லியாக மாறுகிறார். அடுத்தது பொருளாதாரம்: ‘சந்தைச் சக்திகள்’, ‘கண்ணுக்குத் தெரியாத கை’. கறுப்பு உடை பீட்டரின் மனதைப் பிடிக்கும் பகுதிக்கு உளவியல். மேலே சொன்ன பதினேழாவது எபிசோடு பொறியியலில் வருகிறது. அதன் தலைப்பு ‘ஷியர் ஸ்ட்ரெங்த்’. குறுக்காக வெட்டும் விசையை ஒரு பொருள் உடையாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான சொல் அது.