சம்மாந்துறையில் ஒரு ஏக்கர் வயலை போன் ஜிபிஎஸ்ஸால் அளந்தால் சரி வருமா?

விதைநெல், உரக் கணக்குக்குச் சரி வரும். எல்லைத் தகராறுக்கு அந்தக் கணக்கைக் கொண்டு போகாதீர்கள்.

திறந்த வெளியிலும் சாதாரண போன் 5 மீட்டர் அளவுக்கு விலகிக் காட்டும். ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர். சதுர வயலென்றால் ஒரு பக்கம் 63.6 மீட்டர். ஒரு பக்க வரம்பு மட்டும் 5 மீட்டர் தள்ளி விழுந்தாலே 318 சதுர மீட்டர், அதாவது பன்னிரண்டரைப் பேர்ச்சஸ் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். நூற்றுக்கு எட்டுப் பிழை! பத்து ஏக்கர்த் துண்டில் அதே விலகல் நூற்றுக்கு இரண்டரைதான்.

வரம்பில் நடந்துகொண்டே பதிவதை விட மூலைக்கு மூலை நின்று புள்ளி எடுங்கள். சராசரி எடுக்கும் செயலி என்றால் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு நிமிடம், போனைத் தலைக்கு மேலே பிடித்தபடி. மரத்தடி மூலைதான் தொல்லை. இலையில் சிக்னல் மங்கும், தண்டில் பட்டுத் திரும்பியும் வரும்.

காலையிலேயே அளப்பது நல்லது. நமது பகுதி பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம். வெயில் ஏற ஏற, வானில் உயரே மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அடுக்கான அயன மண்டலம் இங்கே அடர்ந்து சிக்னலைத் தாமதப்படுத்தும். பொழுது பட்ட பிறகு அதில் அடர்த்தி குறைந்த குமிழிகள் எழும்பி சிக்னலைக் குலைக்கும், மார்ச், செப்டெம்பர் பக்கம் இன்னும் கூடுதலாக. சென்டிமீட்டர் கணக்கில் துல்லியம் காட்டும் அளவையாளரின் ஆர்.டி.கே. ஜிபிஎஸ் கருவியே அப்போது திணறும், போன் எம்மாத்திரம்.

இன்னொன்று: நில அளவைப் படத்தின் இட ஆள்கூற்று எண்களை போனில் அப்படியே தட்டாதீர்கள். படம் இலங்கைக்கென்று வகுத்த எஸ்.எல்.டி. 99 ஆள்கூற்று முறையில் இருக்கலாம், போன் உலகப் பொதுவான டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையில். மாற்றாமல் போட்டால் உங்கள் வயல் அடுத்தவர் காணியில் போய் விழும்.