டேஷ்போர்டில் பெட்டி எங்கே?

ஈசூன் வாசகர்: கூரையை மடக்கும் இரண்டு இருக்கைக் கார், மாஸ்டா எம்எக்ஸ்-5 பார்த்தேன். 1.5 லிட்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு ஸ்போர்ட்ஸ் கார் என்கிறார்கள். ஏமாற்று வேலைதானே?

இல்லை. 1989இல் முதல் எம்எக்ஸ்-5 வந்தபோதும் 1.6 லிட்டர்தான். எடை ஏறக்குறைய ஆயிரம் கிலோதான் என்பதால் அதுவே போதும். நேர் சாலையில் குடும்பக் கார்கூட உங்களைத் தாண்டிப் போகலாம், சுகமெல்லாம் வளைவில். சிங்கப்பூரில் சாலை வரியும் எஞ்சின் அளவைப் பொறுத்தது என்பதை மறக்காதீர்கள்.

பொங்கோல் வாசகர்: புது எம்எக்ஸ்-5இல் டேஷ்போர்டில் பெட்டி இல்லை, உதிரி டயரும் இல்லை. மறைத்து விற்றுவிட்டார்கள்.

உள்ளே உட்கார்ந்து பார்க்காமலா கையெழுத்துப் போட்டீர்கள்? பெட்டி இரண்டு இருக்கைக்கும் நடுவே, பின்னால் இருக்கிறது. திரும்பிப் பாருங்கள்.

தெம்பனிஸ் வாசகர்: என் லைசன்ஸ் 3ஏ. மேனுவல் காருக்கு முன்பணம் கட்டிவிட்டேன்.

3ஏ-வில் ஆட்டோ மட்டும்தான். கார் வாங்கும் முன் லைசன்ஸைப் படிப்பது நல்ல பழக்கம்.

செங்காங் வாசகர்: ஏழு வயது எம்எக்ஸ்-5, 31,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று டீலர் விற்றார். வாங்கி இரண்டு மாதம். மழை பெய்தால் கார்ப்பெட் நனைகிறது. "இருந்த நிலையில் விற்றோம்" என்று கைவிரிக்கிறார்.

கைவிரிக்க முடியாது. குறையுள்ள பொருளை விற்ற கடைக்காரரைப் பொறுப்பாக்கும் 'லெமன்' சட்டம் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது, பழைய காருக்கும் உண்டு. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்ற நாளிலேயே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. சரிசெய்து தரும்படி எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கம், அப்புறம் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். தனியாளிடம் வாங்கியவர்களுக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது.

கூரைத் துணியை உடனே மாற்றிவிடாதீர்கள். கூரையில் விழும் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக உள்ள வடிகுழாய் வழியாக வெளியேற வேண்டும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் அந்தப் பொடி இலைகளே குழாயை அடைக்கப் போதும். முதலில் அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

இந்தக் 'குறைந்த கிலோமீட்டர்' மோகம் எனக்குப் பழைய எரிச்சல். வாராவாரம் ஓடிய கார் பரவாயில்லை. சும்மா நின்ற காருக்குத்தான் நோய் அதிகம். பேட்டரி சாகும், ரப்பர் இறுகும், கார்ப்பெட் பூசணம் பிடிக்கும். 2018இல் நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். உள்ளே வனிலா வாசனை கமகமத்தது. எதை மூடி மறைக்க என்று கேட்கத் தோன்றவில்லை. டயரில் பள்ளம் புதுசு போல இருந்தது. முதல் மழையில், மேம்பால வளைவில், காரின் பின்பக்கம் எனக்கு முன்னால் போகப் பார்த்தது. வீட்டுக்கு வந்து டயரின் பக்கவாட்டைத் துடைத்தால் 2309 என்று நாலு இலக்கம். 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர்! அடுத்தவர் ஓட்டாமல் வைத்திருந்ததற்கு நான் கூடுதல் காசு கொடுத்திருக்கிறேன். கார் பார்க்கப் போகிற இடத்தில் மீட்டரைப் பார்க்கும் முன் கார்ப்பெட்டைத் தூக்கிக் கையால் அழுத்துங்கள்.

ஜூரோங் வாசகர்: சிஓஇ-யை, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழை, ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் பிறகு இன்னொரு ஐந்தாண்டு கிடைக்குமா?

கிடைக்காது. அதோடு கார் கதை முடிந்தது. பத்தாண்டுக்கு எடுத்தால்தான் மறுபடி புதுப்பிக்கலாம். எதை எடுத்தாலும் பத்து வயது தாண்டிய காருக்குச் சாலை வரிக்கு மேல் கூடுதல் கட்டணம் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை ஏறும்.