மாமியார் பேச்செடுத்தால் நீர்யானை ஏன் வருகிறது?

கேள்வி: ‘தி ஃபால் அண்ட் ரைஸ் ஆஃப் ரெஜினால்ட் பெரின்’ என்னும் பழைய பிபிசி தொடரில், நாயகனிடம் மாமியாரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரையில் ஒரு நீர்யானை ஓடுகிறது. இது வெறும் கோமாளித்தனமா?
– வாசகி, ஈசூன்

பதில்: இல்லை. அந்த நீர்யானை நாயகன் ரெஜியின் மனத்தில் மட்டுமே ஓடுகிறது; அருகிலிருக்கும் மனைவிகூட அதைக் காண்பதில்லை. 1976இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய இத்தொடரை டேவிட் நாப்ஸ் தம் நாவலிலிருந்தே எழுதினார். சன்ஷைன் டெஸர்ட்ஸ் என்னும் இனிப்பு நிறுவனத்தின் விற்பனை அதிகாரியான ரெஜிக்கு அன்றாடம் அதே ரயில், அதே 11 நிமிடத் தாமதம், அதே முதலாளி சி.ஜே. காலை எட்டரை மணிக்கு சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கும் கூட்டத்துக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாத சலிப்பு அவருக்குள் படமாக ஓடுகிறது, பிறகு பேச்சின் நடுவே சம்பந்தமில்லாத சொல்லாக நழுவி விழுகிறது, கடைசியில் கடற்கரையில் உடைகளைக் களைந்து வைத்துவிட்டு இறந்துபோனதாக நாடகமாடும் அளவுக்கு முற்றுகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது இதற்குப் பின் வருவதுதான். வேறு பெயரில் திரும்பிவந்து, பிறகு தம் பழைய வாழ்வையே மீண்டும் ஏற்கும் ரெஜி, எதற்கும் உதவாத பொருள்களை மட்டுமே விற்கும் ‘க்ராட்’ என்னும் கடையைத் திறக்கிறார், விலையும் அதிகம். யாரும் வாங்கமாட்டார்கள் என்றெண்ணித் தொடங்கிய அந்தக் கடைக்கு மக்கள் திரண்டு வர, அது பெரும் நிறுவனமாகவே வளர்ந்துவிடுகிறது. முதல் பருவத்தில் ஒரு மனிதனின் தலைக்குள் இருந்த விபரீதம் இரண்டாம் பருவத்தில் கடைத்தெருவுக்கே வந்துவிடுகிறது. அங்கே அதை விபரீதமென்று சொல்வாரும் இல்லை. நாப்ஸின் கூர்மையை நான் இங்கேதான் காண்கிறேன்.

கேள்வி: 2009இல் வந்த புதிய வடிவத்தை முதலில் பார்க்கலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம். அதில் ரெஜியாக வரும் மார்ட்டின் க்ளூன்ஸ் நல்ல நடிகர்தான். ஆனாலும், பணிவாகப் புன்னகைத்துக்கொண்டே உள்ளுக்குள் உடைந்துகொண்டிருக்கும், பழைய தொடரின் ரெஜியான லெனார்ட் ராஸிட்டரின் முகத்தை முதலில் பார்த்தவருக்குத்தான் கதையின் வலி புரியும். கதை தொடர்ந்து செல்வதால், மூன்று பருவங்களையும் வரிசை மாறாமல் பாருங்கள். 1984இல் ராஸிட்டர் மறைந்த பிறகு, 1996இல் அவரில்லாமல் வந்த தொடர்ச்சியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.