அணு குறுக்கீட்டுமானி ஆய்வுப் பணி: நெல்லைக்காரர் கேள்விகள்

பாளையங்கோட்டை, எம்.எஸ்சி. இயற்பியல்: அண்ணாச்சி, குவாண்டம் உணரி ஆய்வுக்கு ஆள் எடுப்பதாக ஒரு பல்கலைக்கழக விளம்பரம் பார்த்தேன். உள்ளே போனால் கணக்கு வேலையா, கருவி வேலையா?

கருவிதான் தம்பி. அணு குறுக்கீட்டுமானி என்றால், விழும் அணுக்களின் அலைத்தன்மையை வைத்துப் புவியீர்ப்பை அளக்கும் உணரி. ரூபிடியம்-87 அணுக்களை 780 நானோமீட்டர் லேசரால் சில மைக்ரோகெல்வின் வரை குளிர்வித்து விழ விடுவார்கள். விழும்போது மூன்று ராமன் துடிப்புகள், அதாவது இரண்டு லேசர் அதிர்வெண்களை ஒருசேர அடிக்கும் குறுந்துடிப்புகள். முதலாவது அணு அலையைப் பிரிக்கும், இரண்டாவது திருப்பிவிடும், மூன்றாவது சேர்க்கும். 1991-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கசேவிச், சூ என்ற இயற்பியலாளர்கள் செய்து காட்டிய வரிசைதான் இது. துடிப்புகளுக்கு நடுவே 100 மில்லிநொடி விட்டால் பிரிந்த இரு அலைகளுக்கு இடையே புவியீர்ப்பால் வரும் கட்ட வேறுபாடு (ஓர் அலை மற்றதைவிட முன்பின் தள்ளிப்போகும் அளவு) ஏறக்குறைய 16 லட்சம் ரேடியன். இடைவெளியை இரட்டித்தால் நான்கு மடங்கு. இந்தக் கணக்கைப் பலகையில் போடத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வெற்றிடக் கலத்தை இணைக்கும் ஃபிளாஞ்சின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கத் தெரிந்தவருக்கே என் ஓட்டு. கசிவை அடைக்கும் செம்பு காஸ்கெட்டை ஒரு தடவைக்கு மேல் போடவே கூடாது.

வள்ளியூர்: சம்பளம்?

நெட் அல்லது கேட் தேர்வு வழியாக ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) என்றால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. முனைவர் பட்டத்துக்குப் பின் ரிசர்ச் அசோசியேட் 58,000 முதல் 67,000 வரை. தேசிய குவாண்டம் இயக்கத்தில் உணரிகளுக்கான மையம் ஐ.ஐ.டி. பம்பாய், அறிவிப்புகளை அங்கே பாருங்கள். பிரிட்டன் போகிறவர்கள் விசாவுக்கு முன்பே ஏடாஸ் சான்றிதழ் (பாதுகாப்பு சார்ந்த துறைகளில் ஆய்வு செய்ய அந்நாட்டு அரசு தரும் அனுமதி) வாங்கிவிட வேண்டும்.

அம்பாசமுத்திரம், ஆய்வு மாணவி: அண்ணாச்சி, காந்த-ஒளிப் பொறியில் (லேசரும் காந்தப்புலமும் சேர்ந்து அணுக்களைப் பிடித்து வைக்கும் அமைப்பு) அணு மேகமே தெரியவில்லை. எங்கிருந்து தேட?

முதலில் ரூபிடியம் இருக்கிறதா என்று பாரும்மா. லேசர் அதிர்வெண்ணை மெதுவாக ஓட்டி, அகச்சிவப்பு வடிகட்டியைக் கழற்றிய வெப்கேமில் கற்றை ஒளிர்கிறதா என்று கவனி. ஒளிரவில்லை என்றால் ரூபிடியம் ஆவியை விடும் டிஸ்பென்சரின் மின்னோட்டத்தைக் கொஞ்சம் ஏற்று.

ஒளிர்ந்தும் மேகம் இல்லையா? லேசர் அதிர்வெண்ணைப் பூட்டி வைக்கும் லாக் நிறமாலையின் எந்தச் சிகரத்தில் நிற்கிறது என்று பார். பெரும்பாலும் ஆட்கள் சறுக்குவது இங்கேதான். நிறைவுற்ற உட்கவர்தல் நிறமாலையில் பெரிதாகத் தெரிவது 2-லிருந்து 2, 3 குறுக்குச் சிகரம் (எண்கள் அணுவின் ஆற்றல் நிலைகள்; இரண்டு கோடுகளுக்கு நடுவே தோன்றும் போலிச் சிகரம் இது). அது உண்மையான 2-லிருந்து 3 கோட்டுக்கு 133 மெகாஹெர்ட்ஸ் கீழே இருக்கிறது. உனக்கு வேண்டியது அந்தக் கோட்டுக்கு 10-15 மெகாஹெர்ட்ஸ் கீழே. அதாவது லேசர் அதிர்வெண்ணை ஒலி அலையால் நகர்த்தும் ஒலி-ஒளி மாடுலேட்டர் மொத்தம் 120 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு மேலே ஏற்ற வேண்டும். பிறகு ரீபம்ப் ஒளி, நழுவிய அணுக்களை மீட்டுக் கொண்டுவரும் இன்னொரு லேசர். அது இல்லாமல் அணுக்கள் கீழ்நிலையில் போய் ஒதுங்கிவிடும். கடைசியாக, காந்தப்புலம் தரும் இரண்டு சுருள்களிலும் மின்னோட்டம் எதிரெதிர் திசையில் ஓட வேண்டும். அது சரியென்றால் இரண்டின் இணைப்பையும் ஒருசேரத் திருப்பிப் பார். துருவம் மாறியிருந்தால் மேகம் வரவே வராது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இன்னொன்று: டயோடு லேசரை 16 டிகிரியில் வைத்தால் நம் ஊர் ஈரத்துக்கு அதன் முகப்பில் நீர் கோக்கும். பனிநிலைக்கு (ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) மேலே வை, அல்லது சிலிக்கா ஜெல் போட்டு மூடு.

பணகுடி: சுற்றிலும் காற்றாலை. இங்கே இந்த வகை ஈர்ப்புமானி வைக்க முடியுமா?

முடியும், ஆனால் வைகாசி முதல் ஆவணி வரை சிரமம். ராமன் கற்றையைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிதான் அளவுகோல்; அது ஆடினால் அந்த ஆட்டமும் ஈர்ப்பாகவே பதிவாகும். காற்றாலைக் கோபுரத்தின் அதிர்வு சில ஹெர்ட்ஸுக்குள். கருவிக்குக் கூச்சம் அதிகமாக இருப்பதும் அங்கேதான். கண்ணாடியின் மேலேயே ஒரு நிலநடுக்கமானியைக் கட்டி, ஒவ்வொரு அளவீட்டிலும் அதன் பங்கைக் கழித்துவிடுங்கள். கருவியின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1 சென்டிமீட்டர் கூடினால் ஈர்ப்பு 3 மைக்ரோகால் (ஈர்ப்பு முடுக்கத்தின் சிறு அலகு) குறையும்.

மகாராஜநகர்: நம் ஊரிலேயே இதற்கு அக்கம்பக்கமாக ஏதாவது?

கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. காந்த நடுக்கோடு பக்கத்திலேயே ஓடுவதால் பகல்நேர அயனமண்டல மின்னோட்டத்தை இங்கே தெளிவாகப் பிடிக்கலாம். அணுக் காந்தமானி பழக இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. காந்தப்புலத்தில் ரூபிடியம்-87 அணு சுழலும் அதிர்வெண் ஒரு நானோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தின் அலகு) 7 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் புலம் 40,000 நானோடெஸ்லாவை ஒட்டியது, ஆக 280 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் தேடுங்கள். பைக்கின் இரும்பு புலத்தைக் கெடுக்கும், அதைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.