பதினாறு நாளில் மறுபடியும் ஜாம் ஆன எஞ்சின்: செலவு யார் தலையில்?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். பழைய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறேன். போன மாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. டவுனில் ஒரு மோட்டார் கடையில் விட்டேன். பிளாக், பிஸ்டன், ரிங் மாற்ற 380 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்றார், கொடுத்தேன். பதினாறே நாளில் அதே மாதிரி நின்றுவிட்டது. திரும்பக் கொண்டுபோனால், "நீ எண்ணெய் பார்க்கவில்லை, இப்போது கிராங்கும் போய்விட்டது, இன்னும் 650 வெள்ளி ஆகும்" என்கிறார். ரசீதில் "வாரண்டி இல்லை" என்று முத்திரை இருக்கிறது. மோட்டாரையாவது கொடுங்கள் என்றால், பிரித்துப் பார்த்த கூலி 120 வெள்ளி கட்டு என்கிறார். தோட்டத்து நண்பர் ஒருவர் 450 வெள்ளிக்கு முழு எஞ்சினே வாங்கித் தருவதாகச் சொல்கிறார், ஆனால் அதற்குப் பத்திரம் எதுவும் இல்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 450 வெள்ளி எஞ்சினைத் தொடாதீர்கள். எஞ்சின் எண் பொறித்திருப்பது வெளிக்கூட்டில். அதே எண்தான் உங்கள் கிராணிலும், அதாவது வாகனப் பதிவுப் பத்திரத்திலும் இருக்கிறது. கூட்டை மாற்றினால் எண்ணும் மாறும், ஜேபிஜேவில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பதிவையும் மாற்ற வேண்டும், அதற்கு அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்டப் பத்திரம் வேண்டும். பத்திரமே இல்லாத எஞ்சின் யாருடையது என்று உங்கள் நண்பருக்காவது தெரியுமா? திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் குற்றவியல் சட்டத்தின் 411-வது பிரிவு வரும். அந்தப் பொருள் மோட்டார் வாகனமோ அதன் பாகமோ ஆனால் தண்டனை 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறை. "சும்மா கிடைத்தது, மலிவாக இருந்தது" என்று ரோட்பிளாக்கில் சொல்லிப் பார்க்கலாம், எடுபடாது.

சரி, கடைக்காரர் விஷயம்.

முத்திரையைப் பார்த்து எல்லோரும் பயந்துவிடுகிறார்கள், நீங்களும்தான். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 53: சேவை செய்கிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்தாக வேண்டும். பிரிவு 6: இந்தச் சட்டம் கொடுக்கும் உரிமையை எந்த ஒப்பந்தத்தாலும் தட்டிப் பறிக்க முடியாது. ஆக, அந்த முத்திரை இந்த உரிமையைத் தொடாது. கடைக்காரர் தானாகக் கொடுக்கும் வாரண்டி வேறு, சட்டம் கொடுக்கும் உத்தரவாதம் வேறு. முதலாவது இல்லை என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, இரண்டாவதைப் பற்றிப் பேச அவர் யார்? வேலைக்குப் போய்வரும் மோட்டார்தானே, இது வீட்டுப் பயன்பாடு ஆகுமா என்றும் சிலர் கேட்பார்கள். கப்சாய், அதாவது இஎக்ஸ்5 மாதிரி சின்ன மோட்டார், என்பது சாதாரணமாக மக்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் வகைப் பொருள், சட்டம் பார்ப்பது அதைத்தான்.

ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. எஞ்சின் ஏன் போனது என்று காட்ட வேண்டியவர் நீங்கள். இங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள், ஏனென்றால் கோபத்தில் மோட்டாரை வேறு கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், எல்லாவற்றையும் மாற்றி, பழைய பாகங்களை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு அப்புறம்தான் வக்கீலான என்னிடம் வருகிறார்கள். கையில் ஒன்றும் இருக்காது.

எண்ணெய் பார்க்கவில்லை என்கிறார் அல்லவா, அதையே கொஞ்சம் யோசியுங்கள். இஎக்ஸ்5 எஞ்சின் கொள்ளும் கருப்பு எண்ணெய் (எஞ்சின் ஆயில்) ஒரு லிட்டர்கூடக் கிடையாது, அதனால் எண்ணெய் குறைந்தால் சீக்கிரம் ஜாம் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் புது ரிங், புது பிளாக் போட்ட பதினாறு நாளில் எண்ணெய் எங்கே போயிற்று? ஒழுகியிருந்தால் கேஸ்கெட்டை யார் போட்டார்? புகைந்து எரிந்திருந்தால் ரிங்கை எப்படிப் போட்டார்? எண்ணெய் அளவு சரியாக இருந்தும் மேலே ஏறாமல் போயிருந்தால், முதல் தடவை ஜாம் ஆனதற்கும் எண்ணெய் பம்ப்போ அடைத்துப்போன வழியோ காரணமாக இருக்கலாம், அதைப் பார்க்காமல் பிளாக்கை மட்டும் மாற்றியது திறமையான வேலையா? இதையெல்லாம் நீங்கள் கடையில் நின்று வாதாட வேண்டாம், உங்களுக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு மெக்கானிக்கை எழுதித் தரச் சொல்லுங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் எங்கே கீறியிருக்கிறது, பிளாக் உள்சுவர் எப்படி இருக்கிறது, எவ்வளவு எண்ணெய் மிச்சம் இருந்தது என்று நாலு வரி, படங்கள், தேதி, கடை முத்திரை. அது போதும். அதே சமயம் உங்களையும் கேட்கிறேன்: உண்மையிலேயே எண்ணெய் கண்ணுக்குத் தெரிய ஒழுகிக்கொண்டிருந்ததைப் பார்த்தும் ஓட்டினீர்களா? அப்படியென்றால் வழக்கு பலவீனம், இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மோட்டாரைப் பிடித்து வைத்திருப்பது பற்றி. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 124-இன்படி, ஒரு பொருளில் உழைப்பைப் போட்டவர் கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் வேலைக்கு 380 கட்டியாகிவிட்டது. பிரிப்பதற்கு முன் "120 ஆகும்" என்று சொல்லி நீங்கள் சரி என்றிருந்தால்தான் அவருக்குப் பிடி இருக்கிறது. தன் வேலையில் என்ன கோளாறு என்று தானே பிரித்துப் பார்த்ததற்குக் கூலி கேட்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் 120 வெள்ளிக்காக மோட்டாரை மாதக் கணக்கில் அங்கே விட்டுவைக்காதீர்கள், ராத்திரியில் நாலு பேரோடு போய்த் தூக்கிவரவும் வேண்டாம். கட்டுங்கள், கட்டும்போது ரசீதில் "பாயார் டெங்கான் பந்தாஹான்", அதாவது ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த 120-ஐயும் சேர்த்துக் கேட்போம்.

மோட்டாரை எடுப்பதற்கு முன் ஒரு வாட்சப். பயனீட்டாளர் சட்டத்தின் பிரிவு 60, சரிசெய்யக்கூடிய குறை என்றால் முதலில் கடைக்காரருக்கே ஒரு வாய்ப்புக் கொடுக்கச் சொல்கிறது. "இந்தத் தேதியில் இந்த வேலைக்கு 380 கட்டினேன், இந்தத் தேதியில் பழுதாகிவிட்டது, 7 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்து கொடுங்கள், இல்லையென்றால் வேறு இடத்தில் செய்து செலவை உங்களிடம் கோருவேன்" என்று மலாயில் எழுதி அனுப்புங்கள். திட்ட வேண்டாம். 650 கொடுத்தால்தான் செய்வேன் என்று அவர் பதில் போட்டால் இன்னும் நல்லது, மறுத்துவிட்டார் என்பதற்கு அவரே சாட்சி. பிறகு வேறு கடையில் செய்து அந்த நியாயமான செலவைக் கேட்கலாம், முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய மற்ற நஷ்டத்தையும் கேட்கலாம். வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளச் சீட்டு, பஸ் டிக்கெட் எல்லாம் எடுத்து வையுங்கள்.

நியாயமான செலவு என்றேன். ரேசிங் பிளாக் போட்டுவிட்டு பில்லை நீட்டாதீர்கள் (சிசி கூடினால் அதற்கும் ஜேபிஜே அனுமதி வேண்டும்). கையில் காசு குறைவு என்பதால் சொல்கிறேன், கிராங் முழுதும் மாற்றித்தான் ஆக வேண்டுமா, கோன்ராட் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) மட்டும் அழுத்தி மாற்றினால் போதுமா என்று லேத் பட்டறையில் கேளுங்கள். கீறல் ஆழமில்லை என்றால் இருக்கிற பிளாக்கையே 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். பழைய கிராங், பழைய ஹெட் வாங்கினாலும் தப்பில்லை, பதிவு எண் கூட்டில்தான் இருக்கிறது. ரசீது மட்டும் கட்டாயம். இரண்டு கடையில் விலை எழுதி வாங்கி, குறைந்ததைச் செய்யுங்கள்.

அதற்கும் அவர் மசியவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம், உங்களுக்கு ஈப்போ. பாரம் 1 என்ற படிவம், கட்டணம் 5 வெள்ளி, இணையத்திலும் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுப்பார்கள், நடந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். பொதுவாக அங்கே வக்கீல் ஆஜராக முடியாது, ஆகவே என் பிழைப்பில் மண் விழுந்தாலும் சொல்கிறேன், நீங்களே பேசலாம், அவரும் வக்கீலைக் கொண்டுவர முடியாது. பாரத்தின் நகலைக் கடைக்காரரிடம் சேர்க்க வேண்டியது உங்கள் வேலை, அதற்குக் கடையின் சரியான பதிவுப் பெயர் வேண்டும். எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கும், பேச்சோடு பேச்சாக ஒரு படம் எடுத்துவிடுங்கள். தீர்ப்பு வந்து 14 நாளில் அவர் கட்டவில்லை என்றால் அது குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ. இது தெரிந்த கடைக்காரர்கள் பெரும்பாலும் பாரத்தைப் பார்த்ததுமே பேச வந்துவிடுவார்கள். வந்தால் பேசுங்கள், ஆனால் எழுத்தில் முடியுங்கள்.

மோட்டாரை எடுக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், மலாய் நன்றாகப் பேசும் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு தடித்த பிளாஸ்டிக் பையும் எடுத்துப் போங்கள், கழற்றிய பிஸ்டனும் ரிங்கும் உங்களுடையவை, துடைக்காமல் அப்படியே வாங்கி அதில் போட்டுக் கட்டுங்கள்.